அளவை வகுப்பவர் யார்?

பௌர்ணமி வழிபாடு முடிந்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதியபின், உபாசக உபாசிகையர் கலைந்து செல்லும் வேளையில் சகோதரி ஒருவர் பின்தங்கி நின்றார். நம் சங்க மாதர் சிலரையும் உடன் இருத்திக்கொண்டு அவர் ஒரு வினாவை எழுப்பினார். அவ்வினா நம் சபையில் இதுகாறும் எழாதது. பெயரும் ஊரும் கூறாமல் எழுதலாம் என்று அவரே இசைவளித்தமையால் அதனை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அவர் முப்பது வயதைக் கடந்தவர். இரு மக்களுக்குப் பாலூட்டியவர். அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்து தம் ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேமித்தவர். அச்சேமிப்பைக் கொண்டு மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவு செய்திருக்கின்றார். ‘செய்துகொள்ளலாமா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘எவ்வளவு?’ என்பதே அவர் கேள்வி. உள்ளே வைக்கப்படும் சிலிகான் பைகள் சி.சி. கணக்கில் வருகின்றன. அளந்து பார்த்த மருத்துவர், 275 முதல் 300 வரை போதும் என்றாராம். கணவர் 400 என்கின்றார். முன்னரே இச்சிகிச்சை செய்துகொண்ட தோழியோ, ‘நீ எந்த எண்ணை நினைத்தாலும் அதற்கு மேல் ஒரு படி எடுத்துக்கொள், இல்லாவிடில் பின்னால் வருந்துவாய்’ என்கின்றாராம். ‘மூவர் மூன்று எண் சொல்லுகின்றனர். என் எண் எதுவென்று எனக்கே தெரியவில்லை. தம்மம் இதற்கு ஏதேனும் சொல்லுகின்றதா ஐயா?’ என்றார்.

உடனிருந்த மூத்த அம்மையார் ஒருவர், ‘உடம்பே நிலையில்லாதது, அதில் முந்நூறு என்ன, நானூறு என்ன?’ என்று கூறிவிட்டார். சொல் மெய்யே. ஆயினும் கேட்ட சகோதரியின் முகம் வாடிற்று. மெய்யாயிருத்தல் மட்டும் ஒரு சொல்லுக்குப் போதாது. அது கேட்பார்க்கு நன்மை தருவதாகவும் காலமறிந்து கூறப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ததாகதர் காட்டிய நெறி. ஆதலின் அந்த எளிய விடையை நாம் சற்றே ஒதுக்கி வைத்தோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

‘உடம்பு அற்பம், அலங்காரம் வீண்’ என்னும் உபதேசம் நம் மக்கள் செவிக்குப் புதியதன்று. ஆனால் அதனை நமக்கு ஓதியவர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்டிர் மார்பை மூடுதல் குற்றமெனப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மேலாடை அணிந்த சாணார் மகளிரின் ஆடை சந்தையிலும் வீதியிலும் கிழித்தெறியப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னரே, 1859-ஆம் ஆண்டு, அரசர் விளம்பரம் ஒன்றின்வழி அவர்க்கு மேலாடை உரிமை கிட்டிற்று. அப்பொழுதும் மேற்குலப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் விலக்கு இருந்தது. எதை மறைப்பது, எவ்வளவு மறைப்பது, எத்துணியால் மறைப்பது என்ற அனைத்தையும் பிறர் அளந்து கொடுத்தனர். அளவு கோல் அவர்கள் கையில். அளக்கப்படும் உடல் நம்முடையது.

இதனை நன்குணர்ந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1927-ஆம் ஆண்டு மகாடில் கூடிய நம் பெண்மக்களிடம் அவர், தாழ்வின் அடையாளமாகத் தம்மேல் சுமத்தப்பட்ட கனத்த அணிகளைக் கழற்றுமாறும், சேலையை மதிப்புத் தோன்ற உடுத்துமாறும் கேட்டுக்கொண்டார். தோற்றம் அற்ப விஷயம் என்று அவர் தள்ளிவிடவில்லை. ஆகவே, நம் வீட்டுப் பெண் ஒருத்தி தன் ஊதியத்தில் தன் தோற்றத்தைத் திருத்திக்கொள்ள நினைத்தால், ‘உனக்கு ஏன் இந்த ஆசை?’ என்று முதற் சொல்லாக நாம் கேட்போமாயின், பழைய குரலே நம் வாயினின்று ஒலிப்பதாகிவிடும்.

2018-ஆம் ஆண்டு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், மார்பகத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சையைத் தமிழ்நாட்டு அரசினர் இலவசமாகச் செய்ய முற்பட்டபோது இதே வழக்கு வேறுருவில் எழுந்தது. அழகுச் சிகிச்சை செல்வர்க்கு மட்டும் உரியதா என்று அமைச்சர் கேட்டார். உயிர்காக்கும் மருத்துவத்திற்கன்றோ பொதுப் பணம் செல்லுதல் வேண்டும் என்று மறுத்தவரும் உண்டு. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. பொதுப் பணத்தைப் பற்றிய அவ்வழக்கில் நாம் இப்பொழுது இறங்கவில்லை. நம் முன் நிற்கும் சகோதரியின் பணம் அவருடையது, உடலும் அவருடையது. எண் யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

இனி, அந்த எண் என்பது யாது என்று பார்ப்போம். தம்மத்தைப் பேசப் புகுமுன் பொருளின் இயல்பை அறிவதே நற்காட்சிக்கு வழி. ஒரு சி.சி. என்பது ஒரு மில்லிலிட்டர், முப்பது சி.சி. என்பது ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. சிலிகான் கூழின் எடை நீரின் எடையோடு ஏறக்குறைய ஒத்தது. ஆதலின் 400 சி.சி. பை இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோவுக்கு மேல் மார்பில் தொங்கும் சுமையாகும். அகன்ற மார்புடைய ஒருத்திக்கு 300 சிறிதாகத் தோன்றும். ஒடுங்கிய மார்புடைய மற்றொருத்திக்கு அதே 300 மிகுதியாகத் தோன்றும். பையின் அடியகலம் ஒன்று, முன்னோக்கிய உயரம் ஒன்று. ஒரே கொள்ளளவு கொண்ட இரு பைகளும் இவ்விரண்டால் வேறுபடும். பி கப், சி கப் என்று கடையில் கூறும் எழுத்துக்களோ கச்சு தைக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபவை. ஆதலின் பொறுப்புள்ள மருத்துவர் எழுத்தையும் எண்ணையும் கேட்டுத் தொடங்குவதில்லை. மார்பின் அடியகலத்தை அளக்கின்றார். தோலையும் தசையையும் விரலால் கிள்ளி அதன் தடிப்பை அளக்கின்றார். தோல் எவ்வளவு இழுபடும் என்று பார்க்கின்றார். உடலே ஓர் எல்லையைச் சொல்லுகின்றது. அவ்வெல்லையைக் கடந்து பெரிய பையை நுழைத்தால், நாளடைவில் மேல்தோல் மெலியும்; பையின் விளிம்பும் மடிப்பும் வெளியே தெரியும்; பாரத்தால் மார்பு தாழும்; மறுபடியும் கத்தி வைக்க நேரும். இவை எவர்க்கும் நேரலாம். அளவு மிகுந்தால் மிகுதியாக நேரும்.

இது ஒருமுறை செய்து மறந்துவிடும் காரியமும் அன்று. இப்பைகள் ஆயுள் முழுதும் நிற்பவை அல்ல என்பதை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அகற்றவோ மாற்றவோ நேரும் வாய்ப்பு ஏறுகின்றது. பை உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாதிருக்கலாம் என்பதால், ஐந்தாறு ஆண்டிற்குப் பின் முதற்சோதனையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்து பார்க்குமாறு அத்துறை பரிந்துரைக்கின்றது. சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒரு வகைப் பை, அரியதோர் நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று கண்டு 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல், இவற்றை எல்லாம் வரிவரியாகப் படித்துப் பெண்ணே கையொப்பமிட வேண்டிய ஒரு பட்டியலையும் அத்துறை ஏற்படுத்திற்று. நம் நாட்டில் சிகிச்சை பெறுவோரும் அத்தகைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தல் நன்று. விற்போர் அனைவரும் நல்வாழ்க்கை நெறியில் நிற்பவரல்லர். பிரான்சு நாட்டில் ஒரு கம்பெனி, மருத்துவத்திற்குத் தகுதியற்ற தொழிற்சாலைச் சிலிகானைப் பைகளில் நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டு, அதன் தலைவருக்கு 2013-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இச்சிகிச்சையின் தொடக்கமே ஒரு பாடம். 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவமனையொன்றில், குரோனின், ஜெரோ என்னும் இரு மருத்துவர் முதன்முதலாகச் சிலிகான் பைகளை ஒரு பெண்ணின் மார்பில் வைத்தனர். டிம்மி ஜீன் லிண்ட்சே என்பது அவர் பெயர், ஆறு பிள்ளைகளின் தாய், வசதியற்றவர். மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றவே அவர் மருத்துவமனை சென்றார். புதிய சிகிச்சைக்கு உடன்படுகின்றாயா என்று மருத்துவரே வினவினர். அவர் மனக்குறையோ மார்பைப் பற்றியதன்று. காதுகள் விடைத்து நிற்கின்றனவே என்பதுதான்! காதையும் சரிசெய்து தருவதென்று பேசி, இரண்டையும் செய்தனர். அன்றிலிருந்து இன்றுவரை இலட்சக்கணக்கான பெண்கள் சுமந்த ஒன்று, அதனைக் கேட்டு வராத ஒரு பெண்ணிடத்தில் தொடங்கிற்று. இதனை நாம் நகைப்பதற்காகக் கூறவில்லை. தன் குறை எதுவென்று ஒருத்தி தானே கண்டுகொள்வது ஒன்று. பிறர் சுட்டிக்காட்டத் தன் குறையாக ஏற்பது வேறு. காலம் செல்லும்போது இரண்டையும் பிரித்தறிவது அவளுக்கே அரிதாகிவிடும்.

சீலத்தை நோக்குவோம். இல்லறத்தார்க்குரிய ஐந்து சீலங்களுள் எதுவும் இதனைத் தடுக்கவில்லை. உபோசத நாளில் எண்சீலம் மேற்கொள்வோர் மாலை, நறுமணம், அணிகலன் முதலியவற்றை நீக்குகின்றனர். அந்த ஒரு நாள், அலங்காரமின்றியும் நாம் நாமாகவே இருக்கின்றோம் என்பதைக் கண்டுகொள்ளும் பயிற்சி அது. வளையலைக் கழற்றி வைக்கலாம், பூவை எடுத்து வைக்கலாம். இதனைக் கழற்றி வைக்க இயலாது. இதனால் சீலம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு நெருங்கி உடலோடு ஒன்றிவிடும் பொருளை அளந்தெடுக்கும்போது அவ்வளவு கவனம் வேண்டும் என்பதே நம் கருத்து.

வினை என்பது எண்ணமே என்று பகவர் அறிவித்தார். ஆகவே 300, 400 என்னும் எண்களுக்குள் புண்ணிய பாவம் இல்லை. அவ்வெண்ணைப் பற்றி நிற்கும் மனத்தில்தான் நோக்க வேண்டியது இருக்கின்றது. முந்நூறுக்கும் நானூறுக்கும் நடுவே முந்நூற்றைம்பதை எடுத்தால் அது மத்திம மார்க்கம் ஆகிவிடுமோ என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் பின்னர் வேடிக்கையாகக் கேட்டார். ஆகாது. இரண்டு ஆசைகளின் நடுப்புள்ளி ஆசையின் நீக்கமன்று.

தோழி கூறிய சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம்: ‘ஒரு படி மேலே எடு, இல்லாவிடில் வருந்துவாய்.’ இச்சிகிச்சை செய்துகொண்டோர் பலர், ‘இன்னும் சற்றுப் பெரிதாக எடுத்திருக்கலாம்’ என்று கூறுவது மருத்துவருக்குப் பழகிய சொல். காரணம் மறைபொருளன்று. முதல் வாரங்களில் வீக்கத்தால் மார்பு பெருத்து உயர்ந்து நிற்கின்றது. சில மாதங்களில் வீக்கம் வற்றி, பை இறங்கி அமைகின்றது. கண்ணும் புதிய உருவிற்குப் பழகிவிடுகின்றது. வியப்பாய் இருந்தது வழக்கமாயிற்று, வழக்கமானது சிறிதாயிற்று. வேட்கையின் இயல்பைச் சுத்தங்களில் தேடி அலைய வேண்டா, இதோ சி.சி. கணக்கில் அளந்து காட்டப்பட்டிருக்கின்றது. ஒரு படி மேலே எடுத்தவரின் கண்ணும் அவ்வாறே பழகும். ஆகவே தோழியின் அறிவுரை வருத்தத்தை நீக்குவதன்று. அதனை ஒரு படி உயரத்தில் வைப்பது.

கணவர் கூறிய எண்ணுக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்தில், காயசண்டிகை உருவில் நின்ற மணிமேகலையை உதயகுமரன் பின்தொடர்ந்து வருகின்றான். அப்பொழுது அவள் அங்கிருந்த நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, கூந்தல் தொடங்கி ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இருந்து எவ்வாறு ஆயிற்று என்று எடுத்துரைக்கின்றாள்; மார்பையும் அவள் விட்டுவைக்கவில்லை. யாக்கை நிலையாமையை இவ்வளவு கூர்மையாகக் கூறும் பகுதி தமிழில் அரிது. ஆனால் நம் சொற்பொழிவாளர் பலர் கவனியாத ஒன்று அங்கே உண்டு. அவ்வறவுரை யாருக்குக் கூறப்பட்டது? தன்னை அலங்கரித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கன்று; அவளை நோக்கி நின்ற ஆடவனுக்கு! நிலையாமையை உணரவேண்டிய கண் நோக்கும் கண்ணே என்று காப்பியம் தெளிந்திருக்கின்றது. நாமோ அவ்வுரையைத் திருப்பிப் பெண்களுக்கே ஓதிவருகின்றோம். நானூறு வேண்டும் என்பவர் அதனைச் சுமக்கப் போகின்றவர் அல்லர். மனைவியின் உடலில் தாம் காண விரும்பும் உருவத்திற்கு அவர் ஓர் எண்ணிட்டிருக்கின்றார். அன்புடைய கணவராகவே அவர் இருத்தல் கூடும். அன்புடையோரும் பிறர் உடலை அளப்பதுண்டு.

நம்முடன் இருந்த மாதருள் ஒருவர் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்து, அவ்விடத்தில் இதே சிலிகான் பையை வைத்துக்கொண்டவர். அதுவரை வாளா இருந்த அவர் அப்பொழுது பேசினார். ‘எனக்கு அளவைத் தேடும் தொல்லை இருக்கவில்லை. மற்றொரு மார்பு இருந்ததே, அதுவே அளவு’ என்றார். கேட்டோர் நெஞ்சம் நெகிழ்ந்தது. அவர் மேலும் கூறியதோ நாம் எதிர்பாராதது: ‘ஆனால் எட்டு ஆண்டாயிற்று. என் சொந்த மார்பு வயதுக்கேற்பத் தளர்ந்து இறங்கிவிட்டது; வைத்தது வைத்த இடத்திலேயே நிற்கின்றது. இப்பொழுது இரண்டும் ஒவ்வவில்லை.’ இதனைச் சொல்லி அவர் சிரித்துக்கொண்டார். அநித்தியத்தைப் பற்றி நாம் பல பௌர்ணமிகளில் பேசியிருக்கின்றோம். இவ்வளவு சுருங்கச் சொன்னதில்லை.

அவர்தாம் கேட்டார்: ‘வீட்டில் அரிசி வைத்துப் பார்த்தாயா அம்மா?’ பலர் கையாளும் முறை அது. மெல்லிய காலுறையில் அளந்த அரிசியை இட்டுக் கட்டி, மார்க்கச்சினுள் வைத்துக்கொண்டு சில நாள் நடமாடுவது. பை உடலுக்குள் சென்றபின் சற்றே சிறிதாகத் தோன்றுமாதலின் இது துல்லியமான அளவாகாது. பாரத்தையும் உருவத்தையும் ஒருவாறு உணர்த்தும். சகோதரி செய்து பார்த்ததாகக் கூறினார். நானூறை வைத்துக் கண்ணாடி முன் நின்றபோது கணவர் மகிழ்ந்தாராம். அதனோடு பஸ்ஸில் ஏறி அலுவலகம் சென்ற நாளிலோ, முந்தானையை இழுத்து இழுத்து மூடியபடியே கை ஓய்ந்ததாம். ‘முந்நூறு?’ என்று கேட்டோம். சற்று நினைத்துவிட்டு, ‘மாடி ஏறினேன், கோப்புகளைப் பார்த்தேன், மாலையில் வீடு வந்து உடை மாற்றும்போதுதான் அரிசி இருப்பது நினைவு வந்தது’ என்றார்.

நாம் எந்த எண்ணையும் கூறவில்லை. கூற நமக்குத் தகுதியும் இல்லை. மருத்துவர் வகுத்த எல்லை உடலின் சொல்லாதலின் அதனைக் கடக்க வேண்டா என்று மட்டும் வற்புறுத்தினோம். எந்த எண்ணை வைத்தபோது பிறர் கண் நினைவிற்கு வந்ததோ, எந்த எண்ணை வைத்தபோது அது வைத்திருப்பதே மறந்ததோ, அவ்விரண்டையும் பிறிதொரு நாள் தனித்திருந்து மீண்டும் நோக்குமாறு கேட்டுக்கொண்டோம். நோக்கியபின் எண் சுருங்கலாம், அப்படியே நிற்கலாம், சிகிச்சையே வேண்டாமெனவும் தோன்றலாம். எது தோன்றினும் அதற்காக நம் சங்கத்தில் அவரை எவரும் குறைத்துப் பேசலாகாது என்பதையும் உடனிருந்தோர்க்குத் தெரிவித்தோம். மூத்த அம்மையார் அதனை முழுமனதோடு ஏற்றதாகத் தோன்றவில்லை. ஆயினும் சகோதரியின் தலையைத் தடவிவிட்டே சென்றார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கணவரையும் அழைத்து வருமாறு கூறியிருந்தோம். வந்தார். கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்திற்கு அருகே அமர்ந்தார். அன்றைய வாசிப்புக்கு உதயகுமரன் காதையை எடுத்து, மூதாட்டியைக் காட்டும் பகுதியைச் சபை முழுவதற்கும் மெதுவாகப் பொருள் கூறிப் படித்தோம். வேறெதுவும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் எழுந்து வந்து, அந்நூல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். சங்கத்து நூலகப் பிரதியையே கொடுத்தனுப்பினோம். சகோதரியின் சிகிச்சை நாளுக்கு மருத்துவமனைக்கு உடன் செல்ல, ஒரு மார்பை இழந்த அந்த அம்மையார் ஒப்புக்கொண்டிருக்கின்றார். எந்த எண் என்று நாம் கேட்கவில்லை.